பழைய ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ரேம்: பெட்டியைப் பார்க்காதீர்கள், சிப்பை எண்ணுங்கள்

கேட்டது இதுதான். 2010-ல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர், கோர் 2 டுவோ இ7500, கிகாபைட் ஜி41 மதர்போர்டு, டிடிஆர்3 ஸ்லாட் இரண்டு, அதில் ஒன்றில் மட்டும் 2 ஜிபி. போர்டு கையேட்டில் 8 ஜிபி வரை போடலாம் என்று இருக்கிறது. அதை நம்பிப் புதிதாக ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் வாங்கிப் போட்டால் திரையே வரவில்லை, பீப் சத்தம் மட்டும். அதே ஸ்டிக்கைத் தம்பியின் ஐ3 கம்ப்யூட்டரில் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. கடைக்காரர் போர்டு போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார். போர்டை மாற்றத்தான் வேண்டுமா, இல்லை வேறு கம்பெனி ரேம் போட்டால் எடுக்குமா?

போர்டு போகவில்லை. ரேமும் பழுதில்லை. இரண்டும் நல்ல நிலையில் இருந்துகொண்டே ஒன்றோடொன்று சேராமல் இருக்க முடியும், உங்கள் கதை அதுதான். இந்த ஜி41 போர்டுகளில் இதையே நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. கடைக்காரரையும் திட்ட வேண்டாம். அவர் பெட்டியில் டிடிஆர்3, 4 ஜிபி என்று இருப்பதைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார், நம்மில் பலரும் அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் பழைய கம்ப்யூட்டருக்கு அது போதாது. நீங்கள் வாங்க வேண்டியது 16 சிப் (பலகையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டங்கள்) உள்ள, லேபிளில் 2ஆர்×8 என்று அச்சடித்த, சாதாரண டெஸ்க்டாப் டிடிஆர்3 4 ஜிபி ஸ்டிக். எந்தக் கம்பெனி என்பது இரண்டாம் விஷயம். உங்களிடம் இப்போது இருப்பதைத் திருப்பிப் பாருங்கள், எட்டே சிப்தான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

ஏன் என்று தெரிந்தால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிராது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய கம்ப்யூட்டர்களில் ரேமோடு பேசும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி 2003-லேயே அதை உள்ளே கொண்டுபோய்விட்டது, இன்டெல் 2008 கடைசியில் வந்த முதல் கோர் ஐ7-லிருந்துதான் ஆரம்பித்தது. உங்கள் கோர் 2 டுவோ அதற்கு முந்தைய தலைமுறை. அதில் ரேமைக் கவனிக்கும் வேலை மதர்போர்டில் ஹீட்சிங்க் மாட்டியிருக்கும் நார்த்பிரிட்ஜ் சிப்புக்கு, அதாவது ஜி41-க்கு. அது 2008-ல் வந்த சிப். அதை வடிவமைத்தபோது டிடிஆர்3 ரேமில் ஒரு சிப் அதிகபட்சம் 2 ஜிகாபிட் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். ஜிகாபைட் இல்லை, ஜிகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே ஒரு சிப்பில் கால் ஜிபி.

சரி, இப்போது கணக்குப் போடுங்கள். 4 ஜிபி என்றால் 32 ஜிகாபிட். 2 ஜிகாபிட் சிப்பை வைத்து அதைச் செய்தால் 16 சிப் வேண்டும், ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு. பிறகு 4 ஜிகாபிட் சிப்கள் மலிவாகிப் பரவலாக வந்ததும் அதே 4 ஜிபியை எட்டு சிப்பிலேயே முடித்துவிட்டார்கள். செலவு குறைவு, மின்சாரம் குறைவு, கம்பெனிக்கு லாபம். இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் 4 ஜிபி டிடிஆர்3 பெரும்பாலும் இந்த எட்டு சிப் ரகம். வெளியிலிருந்து பார்த்தால் அளவும் ஒன்று, 240 பின்னும் ஒன்று, நடுவில் இருக்கும் வெட்டும் ஒன்று. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். உள்ளே போனதும்தான் சண்டை.

சண்டை எங்கே என்றால் முகவரியில். ரேம் சிப்பின் உள்ளே தகவல் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும், எந்த வரிசை வேண்டும் என்று சொல்ல நார்த்பிரிட்ஜிலிருந்து ஸ்லாட்டுக்குக் கம்பிகள் போகின்றன. 2 ஜிகாபிட் ×8 சிப்பில் வரிசையைச் சொல்ல 15 கம்பி போதும். 4 ஜிகாபிட் ×8 சிப்புக்கு 16 வேண்டும். ஜி41-ல் அந்தப் பதினாறாவது கம்பி கிடையாது. பயாஸை, அதாவது போர்டைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளை, அப்டேட் செய்தால் சரியாகுமா என்று சிலர் கேட்பார்கள். இல்லாத கம்பியைப் பயாஸ் எங்கிருந்து கொண்டுவரும்? சில போர்டுகள் இந்த மாதிரி ஸ்டிக்கில் பாதியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுவதுண்டு, பெரும்பாலானவை உங்கள் போர்டு செய்தது போலக் கத்திவிட்டு நின்றுவிடும். தம்பியின் ஐ3-யில் ரேமைக் கவனிக்கும் பகுதி பிற்காலத்தது, அதற்கு 4 ஜிகாபிட் சிப் தெரியும், அதனால் அங்கே ஓடுகிறது.

இனி லேபிளை எப்படிப் படிப்பது. நல்ல ஸ்டிக் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், அதில் இந்த மாதிரி ஒரு வரி: 4ஜிபி 2ஆர்×8 பிசி3-10600யு-9-10-பி0. முதலில் இருப்பது கொள்ளளவு. 2ஆர் என்பது இரண்டு ரேங்க், அதாவது எட்டு எட்டாக இரண்டு தொகுதி சிப். ×8 என்றால் ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் எட்டு பிட் கொடுக்கும், எட்டு சிப் சேர்ந்தால் 64 பிட், அதுதான் ஒரு ரேங்க். 10600 என்பது வேகம்: 1333-ஐ எட்டால் பெருக்கினால் வரும் மெகாபைட் கணக்கைச் சுமாராக எழுதியது. அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் யு என்ற ஒற்றை எழுத்துதான் டெஸ்க்டாப் ரேம் என்பதற்கு அடையாளம், அதை விட்டுவிடாதீர்கள், பிறகு சொல்கிறேன். உங்கள் எட்டு சிப் ஸ்டிக்கில் இதே இடத்தில் 1ஆர்×8 என்று இருக்கும்.

இரண்டு பக்கமும் சிப் இருந்தால் போதும் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். பத்தில் ஒன்பது தடவை அது வேலை செய்யும், பத்தாவது தடவை காலை வாரும். ஏனென்றால் பக்கத்துக்கு நாலு நாலாக மொத்தம் எட்டே சிப் வைத்த 2ஆர்×16 ரகம் ஒன்று உண்டு, அதிலும் 4 ஜிகாபிட் சிப்தான். ஆகவே பக்கத்தைப் பார்க்காமல் சிப்பை எண்ணுங்கள். பதினாறு என்று எண்ணி முடித்த பிறகும் லேபிளில் ×8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது பாதியை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

தெரிந்த ஒருவரின் டிடிபி சென்டரில் நாலு கம்ப்யூட்டர், எல்லாம் உங்களுடையது மாதிரி ஜி41. பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் சேர்த்துத் திறந்தால் மூச்சு வாங்கும். நான் பெரிய ஆளாட்டம் ஆன்லைனில் தேடி, படத்தில் சிப்பை எண்ணிப் பார்த்து, பதினாறு இருக்கிறது, விலையும் மற்றதைவிடக் குறைவு என்று சொல்லி நாலு ஸ்டிக் வரவழைத்தேன். நாலு போர்டும் ஒரே சுருதியில் கத்தின. விற்ற பக்கத்தில் போய்க் கீழே கீழே இறங்கிப் பார்த்தால் ஒரு மூலையில் பொடி எழுத்தில் "ஏஎம்டி மதர்போர்டுக்கு மட்டும்". அதிலிருந்த சிப்கள் ×4 வகை. ஒன்று நாலு பிட் கொடுக்கும், 64 பிட்டுக்குப் பதினாறும் சேர்ந்து ஒரே ரேங்க். எண்ணிக்கை சரி, கொள்ளளவு சரி, ஒவ்வொரு சிப்பும் 2 ஜிகாபிட் என்பதுகூடச் சரி. ஆனால் ×4 சிப்பில் நெடுக்கை வரிசைகளைச் சொல்ல 10-க்குப் பதில் 11 முகவரி பிட் வேண்டும், இன்டெலின் டெஸ்க்டாப் சிப்செட்டுகள் (ஜி41 மாதிரி போர்டின் முக்கிய சிப்கள்) அதைக் கையாளுவதில்லை. ஏஎம்டி ப்ராசஸர்களுக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதி கையாளும். அதனால்தான் அந்தப் பொடி எழுத்து. டிடிஆர்2-விலும் இதே கதை உண்டு, அங்கே இன்னும் மோசம், ஏனென்றால் எல்லா போர்டிலும் ஓடும் 4 ஜிபி டிடிஆர்2 அரிது, விலையும் கூடுதல், அதன் பாதி விலைக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஏஎம்டி ரகம். விலை மட்டும் தனியாகக் குறைந்து நிற்கிறது என்றால் காரணம் எங்கேயோ எழுதியிருக்கிறது என்று அர்த்தம், தேடிப் படியுங்கள்.

ஸ்டிக்கரே இல்லை, கிழிந்திருக்கிறது, அல்லது கடைக்காரர் தன் வாரண்டி ஸ்டிக்கரை மேலே ஒட்டிவிட்டார் என்றால் சிப்பின் மேலேயே படிக்கலாம். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்சங் சிப் என்றால் கே4பி2ஜி0846 என்று ஆரம்பித்தால் 2 ஜிகாபிட் ×8, உங்களுக்கு ஆகும். கே4பி4ஜி0846 என்றால் 4 ஜிகாபிட், ஆகாது. ஹைனிக்ஸில் எச்5டிக்யூ2ஜி83 நல்லது, எச்5டிக்யூ4ஜி83 வேண்டாம். நடுவில் 2ஜி-யா 4ஜி-யா என்று பாருங்கள், அதையடுத்து வரும் எண்ணும் மேலே சொன்னபடியே இருக்க வேண்டும். ஸ்டிக்கின் முழு மாடல் நம்பரிலும் இது தெரியும். சாம்சங் எம்378பி5273 என்று ஆரம்பிப்பது 16 சிப் ரகம், எம்378பி5173 எட்டு சிப் ரகம், ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஹைனிக்ஸில் எச்எம்டி351யு6 உங்களுக்கு, எச்எம்டி451யு6 தம்பிக்கு. கிங்ஸ்டனில் மாடல் பெயர் நடுவே எஸ்8 என்று வந்தால் சிங்கிள் ரேங்க் ×8 என்று பொருள், 4 ஜிபியில் அதைத் தவிருங்கள். மைக்ரான் சிப்பின் மேல் ஒரு குட்டிக் குறியீடு மட்டும் இருக்கும், பார்த்ததும் புரியாது, அதற்கு லேபிளைத்தான் நம்ப வேண்டும்.

மேலே தகடு மூடிய கேமிங் ரேம் வேண்டாம். தகட்டுக்குள் எத்தனை சிப் என்று தெரியாது, அவற்றில் பல 1.65 வோல்ட் வைத்து ஓட்டினால்தான் பெட்டியில் போட்ட வேகத்துக்கு வரும், உங்கள் போர்டில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை.

அடுத்து அந்த யு. செகண்ட் ஹேண்ட் சந்தையில் சர்வரிலிருந்து கழற்றிய ரேம் நிறைய வரும், அசல் சாம்சங், அசல் ஹைனிக்ஸ், விலை கேட்டால் மயக்கம் வரும் அளவுக்கு மலிவு. லேபிளில் 10600ஆர் என்று முடிந்தால் அது ரெஜிஸ்டர்டு ரேம், உங்களுடையது மாதிரி டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. இ என்று முடிந்தால் இசிசி, பிழை திருத்த ஒரு ரேங்குக்கு ஒரு சிப் கூடுதல், அதனால் சிப் எண்ணிக்கை ஒன்பதின் மடங்காக வரும். அதுவும் உங்களுக்கு வேண்டாம். எண்ணிப் பார்த்து ஒன்பது, பதினெட்டு என்று வந்தால் பேரம் பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஜி41 டிடிஆர்3-ஐ 1066 வரைதான் ஓட்டும். 1333 போட்டாலும் அது இறங்கி 1066-ல் ஓடும், ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று ஒரு சின்ன நினைவக சிப் இருக்கிறது, எந்தெந்த வேகத்துக்கு என்னென்ன டைமிங் என்ற விவரம் அதில் இருக்கும், போர்டு அதைப் படித்துத் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். 1600-ம் பெரும்பாலும் இறங்கி ஓடும், ஆனால் 1600-ல் வருவதில் எட்டு சிப் ரகமே அதிகம், அதனால் 1333 என்று கேட்டு வாங்குவது நல்லது. வோல்டேஜில் டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். எல் ரகம் 1.5-லும் ஓடும்படிதான் செய்யப்பட்டது, ஆகவே அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தலைகீழ்தான் தப்பு, 1.35 மட்டுமே கொடுக்கும் பிற்கால லேப்டாப்பில் பழைய 1.5 வோல்ட் ரேம் ஓடாது.

வேறு கம்பெனி ரேம் போடலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போடலாம். ரேம் சிப் செய்யும் பெரிய கம்பெனிகளைக் கை விரலில் எண்ணிவிடலாம்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். அந்தக் காலத்தில் எல்பிடா, கிமோண்டா என்றும் இருந்தன. கிமோண்டா 2009-ல் திவாலானது, எல்பிடாவை 2013-ல் மைக்ரான் வாங்கிவிட்டது. கிங்ஸ்டன், கோர்சேர், டிரான்சென்ட், ஏடேட்டா எல்லாரும் வெளியிலிருந்து சிப் வாங்கிப் பலகையில் ஒட்டி விற்பவர்கள். டெல், எச்பி, லெனோவோ என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் ரேமும் பெரும்பாலும் சாம்சங்கோ ஹைனிக்ஸோதான், மேலே அவர்களுடைய பார்ட் நம்பர் மட்டும் கூடுதல். பிராண்டட் கம்ப்யூட்டருக்கு அதே பிராண்ட் ரேம்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வாருங்கள். சில பழைய திங்க்பேட் லேப்டாப்புகளில் வைஃபை கார்டுக்கு அப்படி ஒரு பூட்டு இருந்தது உண்மை, ரேமுக்கு இல்லை. கிங்ஸ்டன் மாதிரிப் பலகை ஒட்டும் கம்பெனிகளில் ஒரே ஒரு சங்கடம், ஒரே மாடல் பெயரில் இந்த மாதம் ஒரு சிப், அடுத்த வருடம் வேறு சிப் என்று மாறிவிடும். நண்பர் வாங்கிய மாடலையே வாங்கினேன், எனக்கு மட்டும் ஓடவில்லை என்று புலம்பும் பலரின் பிரச்சினை இதுதான். அதனால் உங்கள் மாதிரி போர்டுக்கு நான் முதலில் தேடுவது சாம்சங், ஹைனிக்ஸ் பெயரிலேயே வரும் பழைய ஸ்டிக்கை. அதில் லேபிள் பொய் சொல்லாது.

பழையதா என்று முகம் சுளிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய ரகம் புதிதாக வருவது ரொம்பக் குறைவு, ஆகவே செகண்ட் ஹேண்ட்தான் வழி, அது நல்ல வழியும்கூட. ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. 2010-லிருந்து 2012 வரை ஆபீஸ்களுக்கு வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி டெஸ்க்டாப்புகளைக் கழித்துக் கட்டும்போது அதிலிருந்து இந்த 2ஆர்×8 ஸ்டிக்குகள் குவியலாக வெளியே வந்தன. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ், எங்கே போனாலும் இவற்றைத் தட்டில் போட்டு விற்பவர்கள் இருப்பார்கள். கடையில் போய் "ஜி41-க்கு ஓடுற 4 ஜிபி, பதினாறு சிப்" என்று கேட்டுப் பாருங்கள், அனுபவம் உள்ள ஆளாக இருந்தால் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். அதென்ன பதினாறு சிப் என்று உங்களையே திருப்பிக் கேட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். முடிந்தால் போர்டையே, இல்லை கேபினெட்டையே கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆன்லைன் என்றால் விற்பவரிடம் ஸ்டிக்கின் இரண்டு பக்கப் படமும் லேபிள் தெளிவாகத் தெரியும் படமும் கேளுங்கள், கடையின் மாதிரிப் படத்தை நம்பாதீர்கள், ஓடாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? இருக்கிற 2 ஜிபியோடு ஒரு 4 ஜிபி சேர்த்தால் 6. அளவு வேறு வேறாக இருந்தாலும் இன்டெல் சிப்செட் அதைச் சமாளிக்கும், இரண்டிலும் பொதுவாக இருக்கும் 2+2 ஜிபியை டூயல் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி, ஓட்டும், மீதி 2 ஜிபி சிங்கிளாக ஓடும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றும் இருக்காது. பணம் இருந்தால் ஒரே மாதிரி இரண்டு 4 ஜிபி வாங்குங்கள், உங்கள் போர்டில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் திரைக்கு வேண்டிய நினைவகத்தையும் ரேமிலிருந்துதான் எடுக்கும், டூயல் சேனல் அங்கே கொஞ்சம் உதவும். ஆனால் என்னைக் கேட்டால், இன்னும் பழைய ஹார்ட் டிஸ்கில்தான் விண்டோஸ் ஓடுகிறது என்றால், இரண்டாவது 4 ஜிபிக்கு வைத்த பணத்தில் ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி வாங்கிவிடுவேன். 6 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ள கோர் 2 டுவோ, 8 ஜிபியும் ஹார்ட் டிஸ்கும் உள்ளதைவிட எத்தனையோ மேல்.

விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துவிடுங்கள். 2010-ல் கடையில் போட்டுக் கொடுத்தது 32 பிட் விண்டோஸ் 7-ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் 8 ஜிபி போட்டாலும் மூன்றேகால் சொச்சம்தான் பயன்படும், ரேம் மோசம் என்று நினைத்துக் கடையில் போய் மறுபடி சண்டை போடுவீர்கள். இ7500 64 பிட் ப்ராசஸர்தான், ஆகவே 64 பிட் போடத் தடையில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 24எச்2 பதிப்பிலிருந்து அதற்கு வேண்டிய சில கட்டளைகள் இந்த ப்ராசஸரிலேயே இல்லை, பூட் ஆகாது. லினக்ஸ் மின்ட் போடுங்கள், 6 ஜிபியில் வீட்டு வேலைக்கு, யூடியூபுக்கு, லிப்ரே ஆபீஸுக்கு ஓடும்.

இதே குழப்பம் மற்ற பழைய மிஷின்களிலும் வேறு வேறு வருடத்தில் வரும், உங்களுடையதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்டெல் 945 சிப்செட் என்றால் 4 ஜிபி போட்டாலும் மூன்று சொச்சத்துக்கு மேல் தெரியாது, 64 பிட் போட்டாலும் தெரியாது, அங்கே காசு போடாதீர்கள். முதல் தலைமுறை ஐ3, ஐ5-யில் எச்55 போர்டு என்றால் உங்கள் கதையேதான், 4 ஜிகாபிட் சிப் ஆகாது, ஆகவே சாதாரண 8 ஜிபி ஸ்டிக்கும் ஆகாது. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து, அதாவது எச்61 போர்டுகளில், 8 ஜிபி ஸ்டிக் போடலாம். நான்காம் தலைமுறை வரை டிடிஆர்3-இல் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் உச்சம், 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் என்று ஒன்றைக் காட்டினால் அதில் 8 ஜிகாபிட் சிப் இருக்கும், அங்கே ஓடாது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும் என்பதுதான் வேடிக்கை. கையேட்டில் அதிகபட்சம் 4 ஜிபி என்று எழுதியிருக்கும், 8 போட்டாலும் ஓடும். திங்க்பேட் டி61 அப்படி. 2010 நடுவில் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் சொன்னது 8, ஆனால் 16 ஜிபி போட்டு ஓட்டுகிறார்கள். கையேடு எழுதிய நாளில் பெரிய ஸ்டிக் சந்தையில் கிடைத்திருக்காது, சோதிக்காததை எழுத மாட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே கையேட்டில் உள்ள எண்ணைக் கடவுள் வாக்காகவும் எடுக்க வேண்டாம், கிறுக்கல் என்று தள்ளவும் வேண்டாம். சிப்செட் பெயரைக் கண்டுபிடித்து அது எத்தனை ஜிகாபிட் சிப் வரை ஏற்கும் என்று பாருங்கள். போர்டு, சிப்செட் பெயர் தெரிய சிபியு-இசட் என்ற விண்டோஸ் மென்பொருள் போதும், அதில் எஸ்பிடி என்ற பக்கத்தில் இப்போது மாட்டியிருக்கும் ஸ்டிக்கின் கம்பெனி, மாடல் நம்பர், ரேங்க் எல்லாம் வரும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை சொல்லும், ஆனால் அதில் வரும் அதிகபட்சக் கொள்ளளவு என்ற வரி பயாஸில் யாரோ எழுதி வைத்தது, பல போர்டுகளில் தப்பாகவே இருக்கும்.

மாட்டும்போது பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பதினைந்து வருடத் தூசி ஸ்லாட்டில் இருக்கும், பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பழைய ஸ்டிக்கின் தங்க நிறப் பின்களை ஸ்கூல் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளை ஊதிவிட்டு மாட்டினால் பாதிப் பிரச்சினைகள் அதிலேயே போய்விடும், சர்வீஸ் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு முதலில் செய்வதும் இதைத்தான். புது ஸ்டிக்கை முதலில் தனியாகப் போட்டுப் பாருங்கள், ஓடினால் பிறகு 2 ஜிபியைச் சேருங்கள். தனியாகவே வராவிட்டால் அடுத்த ஸ்லாட்டில் போடுங்கள், போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஒரு முறை.

திரை வந்துவிட்டது என்பதற்காக ரேம் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம், பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரு சிவப்பு வரி இருந்தாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒன்றிரண்டு பிழைதானே என்று விட்டால் ஒரு நாள் போட்டோவோ டாக்குமென்டோ கெட்டுப்போன பிறகுதான் தெரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டேன், ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தம்பியின் ஐ3-யைத் திறந்து அதில் இருக்கும் ரேமைப் பாருங்கள். 2011, 2012-ல் வாங்கிய மிஷின் என்றால் அதோடு வந்த 4 ஜிபி ஸ்டிக்கில் பதினாறு சிப் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால் அதைக் கழற்றி உங்கள் போர்டில் போட்டுக்கொண்டு, நீங்கள் வாங்கிய எட்டு சிப் ஸ்டிக்கை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள், இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை.